லாரித் தளத்துக்குப் பலகை மாற்றப் போகிறவர்களே, ரூ. 38,500 போனதைக் கேளுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். அந்தப் பட்டறையில் இந்த நேரத்திலும் யாரோ ஒருவருடைய வண்டி நின்றுகொண்டிருக்கும். வேலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

என்னுடையது சிறிய லாரி. ஆரணி ஆலைகளிலிருந்து வேலூர்க் கடைகளுக்கு அரிசி மூட்டை ஏற்றுகிறேன். பழைய தளப்பலகை தேய்ந்து, போல்ட் தலைகள் மேலே துருத்திக்கொண்டு நின்றன. மூட்டையை இழுக்கும்போதெல்லாம் சாக்கு கிழியும். சிந்திய அரிசிக்குக் கடைக்காரர் வாடகையில் பிடித்துக்கொள்வார். ஆகவே நான் கேட்டது ஒன்றுதான்: புதுப் பலகை போட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் குழி குடைந்து, தலையைப் பலகை மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கொடுக்க வேண்டும்.

பட்டறைக்காரர் என்னை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். உள்ளே போய் ஒரு துண்டுப் பலகையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அதில் போல்ட் தலை அழகாக உள்ளே அமர்ந்திருந்தது. அடியில் அகல வாஷர், சுற்றிலும் பிசிறு இல்லாத வட்டக் குழி, உள்ளே எண்ணெய் பூசிய பளபளப்பு. "தடவிப் பாருங்கள் அண்ணே, கையில் ஏதாவது தட்டுகிறதா? உங்கள் வண்டி முழுக்க இப்படித்தான் இருக்கும். மரம் நன்றாகக் காய்ந்த மருது" என்றார். தடவிப் பார்த்தேன். எதுவும் தட்டவில்லை. அந்தத் துண்டுப் பலகையை நம்பித்தான் பணம் கொடுத்தேன். மரம் வாங்க வேண்டும் என்று பெரும்பகுதியை முதலிலேயே வாங்கிக்கொண்டார், மீதியை வண்டி எடுக்கும்போது வாங்கினார். மொத்தம் ரூ. 38,500. கேட்டபோதெல்லாம் பில் "வேலை முடிந்ததும்" என்றார். இன்றுவரை வரவில்லை.

வண்டி வந்த அன்று கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. வெயில் ஏற ஏறத்தான் பெயிண்டுக்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பலகைகள் சுருங்கி நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. போல்ட்டுகள் கடகடவென்று ஆடின. குடியாத்தம் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன், வயதானவர். உளியால் ஓர் ஓரத்தைச் சீவி முகர்ந்து பார்த்தார். "தம்பி, இது பச்சை மரம். காயவே இல்லை. மருதும் இல்லை" என்றார்.

பிறகு ஒவ்வொரு குழியாகக் காட்டினார். என் வயிறு எரிந்தது அப்போதுதான்.

போட்டிருப்பது 12 மி.மீ. போல்ட். அதற்குரிய வாஷரே 24 மி.மீ. அகலம். தலையைப் பிடித்துத் திருக பாக்ஸ் ஸ்பேனரும் உள்ளே இறங்க வேண்டும். ஆகவே குழி 28 மி.மீ. அகலத்துக்காவது இருக்க வேண்டும். இவர்கள் அந்த வாஷர் அகலம்கூட இல்லாத சிறிய துளையிடும் பிட்டால் குடைந்திருக்கிறார்கள். வாஷர் நுழையாது, அதனால் வாஷரே போடவில்லை. தலையைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். மரத்தில் இறுகி நிற்கும் தலையை மேலே யாரும் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே ஆள் கீழே படுத்து எல்லா நட்டையும் முடுக்கிவிடலாம், ஓர் ஆள் கூலி மிச்சம். மரம் சுருங்கிய பிறகு என்ன ஆகும்? நான் கீழிருந்து நட்டை முடுக்கினால் மேலே போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது. பிடிக்க ஸ்பேனர் உள்ளே போகாது.

துளையிட்ட வரிசையும் தலைகீழ். முதலில் அகலக் குழி, பிறகு அந்தக் குழியின் நடுப்புள்ளியில் சிறிய துளை என்பதுதான் முறை. சிறிய துளையை முதலில் போட்டுவிட்டால் அகலமான பிட்டின் நடுமுனை பற்றுவதற்கு மரமே இருக்காது. பிட் அலைந்து ஓரத்தைப் பிய்த்துவிடும். என் வண்டியில் பாதிக் குழிகள் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. பிய்ந்த ஓரங்களை மரத்தூளும் பசையும் வைத்து மெழுகி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

ஆழத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பலகை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. தலைக்கு ஏழரை, வாஷருக்கு இரண்டரை, கூட இரண்டு என்று 12 மி.மீ. குடைந்தால் போதும். அடியில் 26 மி.மீ. மரம் மிஞ்சும். பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றி அளவு வைத்துக்கொண்டால் சின்னப் பையன்கூடச் சரியாகச் செய்வான். இவர்கள் சில இடங்களில் 25 மி.மீ. வரை இறக்கியிருக்கிறார்கள். மிச்சம் 13 மி.மீ. மரம், அதுவும் வாஷர் இல்லாமல். மூட்டைகளோடு ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது போல்ட் தலை பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போனது. பலகை எகிறியது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பின்னால் இருசக்கர வண்டியில் யாராவது வந்திருந்தால்?

குழிகளின் உள்ளே எண்ணெயோ பெயிண்டோ ஒரு சொட்டு இல்லை. வெறும் மரம். ஒரு மழை பெய்ததும் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி, மரம் கறுத்து, போல்ட்டில் துரு ஏறிவிட்டது.

கேட்கப் போனேன். முதலில் "ஆள் ஊருக்குப் போயிருக்கிறான், வந்ததும் பார்க்கிறோம்" என்றார். பிறகு பாரம் அதிகம் ஏற்றியிருப்பேன் என்றார். எடைச்சீட்டுகளைக் காட்டினேன். உடனே "மரம் என்றால் சுருங்கத்தான் செய்யும் சார்" என்று மாற்றிக்கொண்டார். பணம் கொடுக்கும்வரை அண்ணே, கேள்வி கேட்டதும் சார். அதற்கப்புறம் கைப்பேசியை எடுப்பதில்லை. கடைசியாகப் போனபோது முதலாளி இல்லை என்றார்கள், உள்ளே அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டறைப் பையன் ஒருவன் "பில் இருக்கிறதா?" என்று என்னையே கேட்டான். பில்லைக் கொடுக்காத இடத்திலேயே அந்தக் கேள்வி! என் ரூ. 38,500 சாலையோரத்தில் கண்டெடுத்த பணம் அல்ல. அந்தப் பலகை மீது என் வீட்டு அடுப்பு எரிகிறது.

அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாதிரிப் பலகையைப் பார்த்து மயங்காதீர்கள், உங்கள் வண்டிக்கு வரப்போகும் பலகையையே காட்டச் சொல்லுங்கள். முதல் குழி குடையும்போது பக்கத்தில் நில்லுங்கள், வாஷர் உள்ளே போகிறதா, ஸ்பேனர் சுற்றுகிறதா என்று பாருங்கள். பெயிண்ட் அடிக்குமுன் எல்லாக் குழியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் தராத இடத்தில் வண்டியை விடவே விடாதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். பணம் அனுப்பிய சான்று என் கைப்பேசியில் இருக்கிறது. அந்தப் பட்டறையில் ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், குழிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு எடுங்கள்.