பெல் ஆய்வகமா, ஆர்பாவா: கணினி ஆய்வின் செலவை யார் ஏற்பது?

கணினி ஆய்வின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கா இரண்டு வலுவான விடைகளைத் தந்தது. ஒன்று, ஏடி அண்டு டி நிறுவனத்தின் பெல் ஆய்வகம். தொலைபேசி ஏகபோகத்தின் நிலையான வருவாய் அதைத் தாங்கியதால், உடனடி லாபக் கவலையின்றி ஆராய முடிந்தது. 1947-இல் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவியான டிரான்சிஸ்டரும், 1969-இல் யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளமும் அங்கே பிறந்தன. ஆனால் அச்செலவைச் சுமந்தவர்கள் தொலைபேசிக் கட்டணம் செலுத்திய பொதுமக்களே. பலன் பரவியதும் நிறுவனத்தின் தாராளத்தால் மட்டுமன்று: 1956-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்பு வழக்கு உடன்பாடு, அதுவரை பெற்றிருந்த காப்புரிமைகளுக்குக் கட்டணமின்றி உரிமம் வழங்கவும், தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்யாதிருக்கவும் அதைக் கட்டாயப்படுத்தியது. யூனிக்ஸ் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்கு எளிதில் கிடைத்ததற்கு இத்தடை ஒரு முக்கியக் காரணம்.

மற்றொன்று, பாதுகாப்புத் துறை 1958-இல் தொடங்கிய ஆர்பா என்ற ஆய்வு நிதி முகமை. அது பெரிய ஆய்வகம் கட்டாமல் எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களுக்கு வரிப்பணத்தைப் பகிர்ந்தளித்தது. 1969-இல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் உருவானது; அதைவிடப் பெரிய வரவு, பயிற்சி பெற்ற மாணவர்கள் என்றே கருதுகிறேன், ஏனெனில் அவர்களுடன் அறிவும் தொழில்துறைக்குச் சென்றது. அரசியல் சார்பு இதன் பலவீனம்: அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மான்ஸ்ஃபீல்டு சட்டத் திருத்தத்திற்குப் பின், பாதுகாப்புத் துறை நிதியளித்த ஒவ்வோர் ஆய்வும் இராணுவப் பயனைக் காட்ட வேண்டியதாயிற்று.

இருப்பினும் நான் ஆர்பாவின் வழியையே தேர்வேன். பெல்லின் வழிக்கு ஏகபோகம் வேண்டும். 1984-இல் ஏடி அண்டு டி பிரிக்கப்பட்டபோது அந்த நிதி அடித்தளமே தளர்ந்தது.