கோயிலில் உட்காரும் இடத்தைக் காசுக்கு விற்றார்கள்: பெங்களூரு கிறிஸ்துமஸ் டூர் பற்றி ஒரு எச்சரிக்கை

கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்களைப் பெங்களூருக்கு வரவழைக்கிறவர்கள், டூருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் டிசம்பர் 24 அன்று நாங்கள் ஆறு பேர், தலைக்கு 1,499 ரூபாய், ஆக மொத்தம் 8,994 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனால் போகிறது. 71 வயது அம்மாவை நடுராத்திரி ரோட்டோரம் நிற்க வைத்தோமே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். அம்மா, அப்பா, தம்பி, தம்பி மனைவி நான்கு பேரும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்கு வெகுநாள் ஆசை, சிவாஜிநகர் மாதா கோயிலில் நள்ளிரவுப் பூசை காண வேண்டும் என்று. பெங்களூரிலேயே பழைய கத்தோலிக்கக் கோயில் அது. இப்போது நிற்கும் கோபுரக் கட்டடம் 1882இல் கட்டி முடித்தது. மாதாவுக்குச் சேலை கட்டியிருப்பார்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே போனால் வேளாங்கண்ணிக்குப் போன மாதிரி ஒரு நிறைவு.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரே மாலையில் எல்லாம்: பிரிகேட் ரோடு விளக்கு அலங்காரம், செயின்ட் மார்க்ஸ் கதீட்ரல், கேக் ஷோ, பிளம் கேக், இரவுச் சாப்பாடு, கடைசியாக மாதா கோயில் நள்ளிரவுப் பூசையில் 'ஒதுக்கப்பட்ட இருக்கை'. என்னை விழ வைத்தது அந்தக் கடைசி வரிதான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. இருக்கை உறுதியா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். 'கன்ஃபார்ம் மேடம், முன் வரிசை' என்று பதில் வந்தது. அன்றே கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பணத்தை அனுப்பிவிட்டேன். ஸ்கேன் பண்ணும்போது கம்பெனிப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர்தான் வந்தது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மாலை 5.30க்கு எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நிற்கச் சொன்னார்கள். வண்டி 7.10க்கு வந்தது. ஏசி பஸ் என்று போட்டிருந்தார்கள், வந்தது ஒரு டெம்போ டிராவலர். ஏற்கெனவே நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் தம்பி கடைசி வரை பையை வைக்கும் இடத்தில் குந்தியிருந்தான். பிரிகேட் ரோட்டைத் திருப்பத்தில் வைத்தே ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டு, 'உள்ளே டிராபிக்' என்று வண்டியை எடுத்துவிட்டார்கள். நடந்து போனால் ஐந்து நிமிஷத்தில் நடுத்தெருவில் நின்று பார்க்கலாம். செயின்ட் மார்க்ஸ் கதீட்ரல் பக்கம் வண்டி நிற்கவே இல்லை. கேக் ஷோ வாசலில் இறங்கியபோது கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்தாலும் டிக்கெட் நாங்களேதான் எடுத்திருக்க வேண்டுமாம், அதை அங்கே வைத்துத்தான் சொன்னார்கள். சர்க்கரையில் கோட்டையும் கோபுரமும் செய்து வைத்திருப்பதைக் காட்டுகிறேன் என்று மகளை ஒரு வாரமாக ஆசை காட்டி வைத்திருந்தேன். அவள் வண்டியில் ஏறித் தூங்கிவிட்டாள்.

பிளம் கேக் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேப்பர் தட்டில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். மஞ்சள் கேக், மேலே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. அது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய். பிளம் கேக் என்றால் திராட்சையும் முந்திரியும் ஆரஞ்சுத் தோலும் வாரக்கணக்கில் ரம்மில் ஊறி, கருகிய சர்க்கரை சேர்ந்து, கத்தி வைத்தால் ஈரத்தோடு கறுப்பாக வெட்டுப்பட வேண்டும். இது தொட்டாலே உதிர்ந்தது. ஃப்ரேஸர் டவுனில் 1902லிருந்து நடக்கும் பேக்கரியெல்லாம் இருக்கிற ஊரில் இதைக் கொடுத்து அனுப்பினார்கள். இரவுச் சாப்பாடு என்பது ஆறிப்போன ஒரு பொட்டலம் வெஜ் புலாவ்.

10.40க்கு மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு ரோஸ் நிற லேமினேட் அட்டை கொடுத்தார்கள். 'இருக்கை' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, கீழே பேனாவால் எண் எழுதியிருந்தது. அம்மாவுக்கு 14. உள்ளே பெஞ்சு எல்லாம் எப்போதோ நிறைந்து, முற்றத்தில் ஜனங்கள் பாயும் பேப்பரும் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பேட்ஜ் குத்தி நின்ற தன்னார்வலப் பையனிடம் அட்டையைக் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது எங்க கோயில் அட்டை இல்லக்கா. பூசைக்கு யாரு டிக்கெட் போடுவா? சாயங்காலமே வந்தவங்க உட்கார்ந்திருக்காங்க."

எனக்குக் கை நடுங்கியது. டூர்க்காரர் போனை எடுக்கவில்லை. அந்தப் பையன்தான் எங்கிருந்தோ ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, குடில் பக்கத்தில் போட்டு அம்மாவை உட்கார வைத்தான். அவன் பெயரைக் கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். பாலன் பிறப்புப் பாட்டு தொடங்கியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா தூணில் சாய்ந்து நின்றார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் வண்டி இல்லை. 'டியூட்டி 12 மணியோடு முடிஞ்சது' என்றார் டிரைவர் போனில். ஒரு மணி வரை ஆட்டோவுக்கு நின்றோம். கடைசியில் இரண்டு ஆட்டோ, ஒவ்வொன்றும் 600 ரூபாய். நான் திட்டிக்கொண்டே வந்ததைப் பார்த்து அம்மா சொன்னார்: "ஏட்டி, சாமியப் பாக்கத்தான வந்தோம், பாத்தாச்சு. வுடு."

நான் விடவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, கம்பெனிப் பெயரும் முகவரியும் என்ன என்பது. என்னிடம் ஒன்றும் இல்லை. நல்லவேளை, தம்பி வண்டியின் மஞ்சள் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வைத்திருந்தான். அதை வைத்து வண்டிக்காரரைப் பிடித்தோம். அவர் வெறும் வாடகைக்கு வந்தவர், அவரிடமும் பாக்கி வைத்திருந்தார்களாம். அவர் மூலமாகத்தான் ஏற்பாட்டாளரின் முகவரி கிடைத்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அட்டை ஆறும், வாட்ஸ்அப் உரையாடலும், பணம் அனுப்பிய ரசீதும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் அதற்கு 1930, சைபர் குற்ற எண். அதை அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கூப்பிட வேண்டும்.

இந்த வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் திரும்பவும் வந்திருக்கிறது. அதே படம், இருக்கை என்ற அதே வரி. விலை மட்டும் 1,799. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர்கள் விற்பதில் முக்கால்வாசி இந்த ஊரில் இலவசம். எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி பிரிகேட் ரோட்டை நடந்தே பாருங்கள். 1812இல் கட்டி முடித்த செயின்ட் மார்க்ஸ் அங்கிருந்து நடை தூரம்தான். ஸ்டாரும் குடில் பொம்மையும் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரமே ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போய்விடுங்கள், கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும். கேக் ஷோவுக்கு டிக்கெட் வாசலிலேயே கிடைக்கும், மதியமே போனால் பிள்ளைகள் நின்று பார்க்கலாம். விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் குடிலையும் விட்டுவிடாதீர்கள். பூசை நேரத்தை அந்தந்தக் கோயில் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுவார்கள். வயசானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அம்மா இந்த வருஷமும் வருகிறார். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கியாச்சு. 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கே மாதா கோயில் முற்றத்தில் இருப்போம்.