பின் சீட்டில் இரண்டு வாண்டுகள்: எங்கள் காரில் எது தங்கியது, எது கழன்றது

இது கார் ரிவியூ இல்லை. மைலேஜ், பிக்கப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு காம்பாக்ட் எஸ்யூவியை ஐந்து வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். பின் சீட்டில் எட்டு வயதில் ஒருத்தி, மூன்றரை வயதில் ஒருவன். தினமும் ஸ்கூல், அடிக்கடி பொள்ளாச்சி, லீவு விட்டால் மலை. இத்தனை நாளில் வண்டிக்குள் வாங்கிப் போட்டவற்றில் எது உருப்படியாக உழைத்தது, எதைக் கழற்றிப் பரணில் போட்டோம் என்பதுதான் விஷயம்.

முதலில் சைல்டு சீட். மற்றதெல்லாம் இல்லாமலும் ஓட்டிவிடலாம், இது இல்லாமல் வண்டியைக் கிளப்ப மாட்டேன். பையனுடையது ஐசோஃபிக்ஸ் வகை. பின் சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். சீட்டின் கொக்கியை அதில் அழுத்தினால் சத்தம் கேட்கும், சிவப்புக் குறி பச்சையாகும். பெல்ட்டைச் சுற்றிக் கட்டும் வகையை விட இதில் தப்பாக மாட்ட வாய்ப்பு குறைவு. வண்டியை ஓட்டுவது ஒரு நாள் நான், ஒரு நாள் வீட்டுக்காரர், ஒரு நாள் மச்சினர் என்று இருக்கும் வீட்டில் அதுவே பெரிய நிம்மதி.

வீட்டுக்குள் இதற்கு ஒப்புதல் வாங்குவதுதான் பெரும்பாடு. "ஏங்கண்ணு, பச்சைப் புள்ளைய இப்படிக் கட்டிப் போட்டா அது என்ன பண்ணும்? எங்கிட்ட குடு, மடியில வெச்சுக்கறேன்" என்பார் அத்தை. "சடன் பிரேக் போட்டா உங்களாலயே நேரா உக்கார முடியாதுங்க அத்தை" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாதத்தில் ஜெயித்தது நான் இல்லை, பையன்தான். பிறந்த மாதத்திலிருந்து பழகியதால் சீட்டில் வைத்ததும் தூங்கிவிடுவான். நடக்க ஆரம்பித்த பிறகு பழக்கினால் இது நடக்காது. மகளிடம் அந்தப் போராட்டம் கொஞ்சம் இருந்தது.

இரண்டு வயது தாண்டும் வரை அவனைப் பின்பக்கம் பார்த்தபடியே உட்கார வைத்தோம். ஐரோப்பாவில் சைல்டு சீட்டுக்கு உள்ள ஐ-சைஸ் விதி குறைந்தது 15 மாதம் வரை அப்படி வைக்கச் சொல்கிறது. அந்த வயதில் தலை கனம், கழுத்து பிஞ்சு; முன்னால் மோதினால் முதுகு முழுவதும் சேர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். இந்தச் சீட்டை ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் மட்டும் ஒருபோதும் மாட்டக் கூடாது. பட்டையை எவ்வளவு இறுக்குவது என்று கேட்பவர்களுக்கு: தோள் பக்கத்தில் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். ஊட்டிக்குப் போகும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டி, மேலே சால்வையைப் போர்த்துகிறோம். தடித்த ஸ்வெட்டருக்கு மேல் இறுக்கியது இறுக்கமே இல்லை.

மகளுக்கு பூஸ்டர், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட். வண்டி பெல்ட் அவள் கழுத்தை அறுக்காமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பிலும் படிய அது வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் நாட்டுக்கு ஏற்ப 135 முதல் 150 செ.மீ. உயரம் வரை இது கட்டாயம். நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தோடு வந்த 194-பி பிரிவின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் போனால் அபராதம் 1,000 ரூபாய். என்னை இதற்காக யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை.

புது வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியதை எல்லோரும் கொண்டாடினார்கள். அந்த ஐந்து பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்குக் கிடைத்தது மூன்று. 2023 அக்டோபரில் நம் நாட்டிலேயே தொடங்கிய பாரத் என்கேப் சோதனையும் இரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறது. ஷோரூமில் இரண்டாவது எண்ணையும் கேளுங்கள்.

அடுத்தது சீட் கவர். வண்டி எடுத்த வாரமே ஆக்சசரீஸ் கடையில் முழு லெதரெட் (செயற்கைத் தோல்) கவருக்கு விலை சொன்னார்கள். எங்கள் வண்டியில் முன் சீட்டின் ஓரத்திலேயே சைடு ஏர்பேக் இருக்கிறது, ஏர்பேக் என்று பொறித்த சின்னத் துணி லேபிளும் தைத்திருக்கும். "அதெல்லாம் கவரைக் கிழிச்சுட்டு வந்துருங்க" என்றார் கடைக்காரர். அதற்கென்று விலகும் தையல் போடாத கவராக இருந்தால் ஏர்பேக் விரிவது தாமதமாகலாம், திசையும் மாறலாம். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். துணி சீட் அழுக்காகிறது, உண்மைதான். ஆனால் ஏப்ரல் வெயிலில் லெதரெட் மாதிரி தொடையைப் பொரிப்பதில்லை.

தரை முழுக்க மூடும் மெத்தென்ற செவன்-டி மேட் போட்டோம், ஒரு மழைக்காலத்தோடு எடுத்துவிட்டோம். பார்க்க அழகுதான். பிள்ளைகள் கவிழ்த்த தண்ணீரும் மழை ஈரமும் அடியில் இறங்கினால் கார்பெட் காயவே காயாது, பூஞ்சை வாடைதான் மிச்சம். இப்போது இருப்பது விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு மேட். உருவி, வாசலில் ஹோஸ் பைப்பில் அடித்து, வெயிலில் சாய்த்தால் வேலை முடிந்தது. டிரைவர் பக்கம் மட்டும் மேட்டுக்கு மேல் மேட் போடாதீர்கள், நழுவிப் பெடலுக்கு அடியில் போய்விடும்.

சீட் முதுகில் தொங்கவிடும் ஆர்கனைசர் எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பையிலும் பாதி தின்ற பிஸ்கட், உடைந்த கிரேயான். அதற்குப் பதில் வந்தது ஒரு பிளாஸ்டிக் வயர் கூடை. சந்தைக்குக் கொண்டுபோவோமே, அதேதான். முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். துணிப் பொம்மை, வெட் வைப்ஸ், குப்பைக்கு ஒரு துணிப்பை எல்லாம் அதில். வீடு வந்ததும் கூடையோடு இறக்கிவிடுவோம். இடம் ஒதுக்காத பொருள் வண்டிக்குள் ஏறக் கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் சுத்தம் மட்டுமில்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னால் பாயும். ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து போட்டால் தரையைத் தொடும் வேகம் அது. பின் கண்ணாடிக்கு அடியில் வைத்த ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலை அப்படி யோசித்துப் பாருங்கள். எங்கள் பாட்டில்கள் இப்போது கதவுப் பையில். டேஷ்போர்டில் ஏர்பேக் மூடிமேல் ஒட்டியிருந்த பித்தளைப் பிள்ளையாரும் பூஜை அறைக்குப் போய்விட்டார். கியருக்குப் பக்கத்தில் மருதமலை முருகன் சின்னப் படமாக இருக்கிறார். அத்தைக்கு அதில் இன்னும் பாதி மனசுதான்.

இனி நாற்றம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகள் வாந்தி எடுக்காமலிருக்க எலுமிச்சை, இஞ்சி மிட்டாய், நியூஸ் பேப்பர்மேல் உட்கார வைப்பது என எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லேசாக இட்லி கொடுத்து, வளைவில் போன் பார்க்க விடாமல் வெளியே பார்க்க வைப்பதுதான் ஓரளவு கேட்கிறது. அதையும் மீறி வாந்தி எடுத்தால், முதலில் பழைய விசிட்டிங் கார்டால் வழித்தெடுப்போம். பிறகு பழைய வேட்டித் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுப்போம். தேய்த்தால் உள்ளே இறங்கும். பால் கொட்டினாலும் இதேதான். வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் துணியிலேயே பிடித்துக்கொள்ளும். ஈரம் குறைந்ததும் சமையல் சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம். பலர் விட்டுவிடும் இடம் சீட் பெல்ட். அதை முழுசாக வெளியே இழுத்துத் துடைத்து, உள்ளே சுருண்டு போகாமல் ஒரு துணி கிளிப் போட்டுக் காயவிடுங்கள். சைல்டு சீட் உறையை வாஷிங் மெஷினில் போடலாம், பட்டைகளைப் போடக் கூடாது. மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். முறுக்குத் தூள் அடைத்து பக்கிள் மாட்டாமல் போனால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினாலே சரியாகிவிடும். இதையெல்லாம் செய்யாமல் மேலே பெர்ஃப்யூம் வைத்தால் இரண்டு வாடையும் சேர்ந்து புது வாந்திக்கு வழி செய்யும்.

வண்டிக்குள் சாப்பிடவே கூடாது என்ற சட்டம் எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை. வாழைப்பழம், வெள்ளரிப்பிஞ்சு உண்டு. கடலையும் பட்டாணியும் சின்னவனுக்குக் கிடையாது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது தொண்டையில் சிக்கினால் நான் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. தூள் குறைந்ததில் எறும்பும் குறைந்தது. எலி மட்டும் ஒரு முறை ஒயரைக் கடித்துவிட்டது.

கார் சாவி விளையாட்டுச் சாமான் இல்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சாவியை என் கையில் எடுத்த பிறகுதான் கதவைச் சாத்துவேன். பிள்ளையை உள்ளே விட்டு "ரெண்டே நிமிஷம்" என்று மளிகைக் கடைக்கு இறங்கவும் மாட்டேன். மூடிய வண்டி வெயிலில் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறும்.

பையன் இந்த வருஷம் அடுத்த அளவு சீட்டுக்கு மாறுகிறான். பழையதைத் தங்கை கேட்கிறாள். அடியில் பொறித்த தயாரிப்புத் தேதியும், எத்தனை வருஷம் பயன்படுத்தலாம் என்று மேனுவலில் போட்டிருப்பதும் பார்த்தேன், இன்னும் காலம் இருக்கிறது. வண்டி எங்கேயும் மோதியதும் இல்லை. அதனால்தான் கொடுக்கிறேன். வரலாறு தெரியாத செகண்ட் ஹேண்ட் சீட்டை ஆன்லைனில் வாங்க வேண்டாம் என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மேனுவலையும் சேர்த்தே அனுப்புகிறேன்.