ஏடிவி ரிம்மை திருப்பிப் போட்டு அகலம் கூட்டலாமா? நாலு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில ஓட்டுற நாலு சக்கர வண்டி, சரிவுல குறுக்கால போறப்ப மேல் பக்க சக்கரம் லேசா தரையை விட்டு எழும்பும் பாருங்க, அந்த ஒரு நொடி வயித்தைக் கலக்கிடும். அதுக்கு காசே செலவில்லாத வழின்னு ரிம்மோட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மாட்டுவாங்க, நானும் நாலு சக்கரத்தையும் அப்படித்தான் மாட்டுனேன், நாலு மாசம் ஓட்டிட்டு இப்ப கழட்டிட்டேன்.

என்னோடது 12 இன்ச் ரிம், 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 5+2. அதாவது ஹப்புல (சக்கரத்தை நட்டு போட்டு மாட்டுற நடு பாகம்) ரிம் போய் உக்கார்ற இடத்துல இருந்து உள்ள 5 இன்ச், வெளிய 2 இன்ச். திருப்பிட்டா 2+5 ஆயிடும், டயர் ஒரு பக்கத்துக்கு 3 இன்ச் வெளிய வந்துடும், ரெண்டு பக்கமும் சேத்தா 6 இன்ச். உங்களோடது 4+3ன்னா மொத்தமே 2 இன்ச் தான் கூடும், அதுக்கு இவ்வளவு பாடு படணுமான்னு முதல்லயே யோசிச்சுக்கோங்க.

நல்லதைச் சொல்லணும்னா, சரிவுல வண்டி நிஜமாவே நல்லா நிக்குது, வளைவுல உள் சக்கரம் தூக்குறது நின்னே போச்சு. ஆனா கல்லுல முன் சக்கரம் ஒண்ணு மட்டும் ஏறுனா ஹேண்டில் கையைப் புடுங்குது, ஏன்னா சக்கரம் எந்த அச்சுல திரும்புதோ அதுக்கும் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் நடுவுல தூரம் கூடிடுச்சு. ஒரு மணி நேரம் ஓட்டுனா மணிக்கட்டு வலிக்குது. ஸ்பிரிங்கும் மெத்துன்னு ஆன மாதிரி இருக்கு, சேறு மட்கார்டைத் தாண்டி நேரா மூஞ்சிக்கு வருது, வீல் பேரிங்குக்கும், சக்கரம் திரும்புறதுக்கு இருக்குற பால் ஜாயின்ட்டுக்கும் பாரம் கூடுது.

டயர்ல சுத்துற திசைக்கு அம்புக்குறி இருந்தா இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்தித்தான் திருப்பணும், அதே பக்கத்துல திருப்புனா அம்புக்குறி பின்னாடி பாக்கும். எனக்கு மாட்டிக் குடுத்த ஒர்க்‌ஷாப்ல இதைக் கவனிக்கவே இல்ல, வீட்டுக்கு வந்து நானே ஜாக்கி போட்டு மறுபடி மாத்துனேன். வால்வு உள்பக்கம் போயிடுறது இன்னொரு தொல்லை, ஏடிவி டயர்ல காத்தே 5 பிஎஸ்ஐ கிட்ட தான் இருக்கும், கொஞ்சம் குறைஞ்சாலும் ஓட்டுறதுல தெரியும், அதை செக் பண்ண ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு அடியில கையை விடணும். முன்பக்கம் வால்வு பிரேக் கேலிப்பர்ல (பிரேக் டிஸ்க்கைப் புடிக்கிற பாகம்) உரசுதான்னு கையால மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாக்காம வண்டியை எடுக்காதீங்க.

நான் கழட்டுனதுக்கு காரணம் இதெல்லாம் இல்ல, நட்டு. ரிம் ஓட்டையில நட்டோட கூம்பு உக்கார்றதுக்குன்னு ஒரு சரிவு வெட்டியிருப்பாங்க, அது வெளிப்பக்கம் மட்டும் தான் இருக்கும். திருப்பிட்டா கூம்புக்கு உக்கார இடமே இல்ல, ஓட்டை விளிம்புல சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும். எனக்கு பின் இடது சக்கரத்துல லேசா ஆட்டம் தெரிஞ்சு பானாவை வச்சுப் பாத்தா ரெண்டு நட்டு கையாலயே சுத்துது. கழட்டிப் பாத்தேன், ஓட்டையைச் சுத்தி பட்டையா பெயின்ட் தேஞ்சிருக்க வேண்டிய இடத்துல நூல் மாதிரி ஒரே ஒரு பளபள கோடு, ஒரு ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுத்துக்கிட்டு போயிருந்துச்சு. அன்னைக்கு சரிவுல தான் போயிட்டு வந்திருந்தேன், நினைச்சாலே கை நடுங்குது.

இப்ப 4+3 ரிம் வாங்கி நேராவே மாட்டியிருக்கேன். பக்கத்துக்கு 1 இன்ச் தான் கூடுது, ஆனா நட்டு ஒழுங்கா உக்காருது, வால்வு வெளிய இருக்கு, ஹேண்டிலும் கையை விட்டுப் போறதில்ல. எனக்கு அந்த 1 இன்ச்சே போதும். இன்னும் அகலம் வேணும்னா ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வச்சு, ஹப்புல தனியா நட்டு போட்டு மாட்டுற அலுமினிய ஸ்பேஸர் பரவாயில்ல, ஆனா ரெண்டு வரிசை நட்டு ஆயிடும், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்குற பானா) வச்சு முறுக்கி, முதல் ரைடு முடிஞ்சதும் ரெண்டு வரிசையையும் மறுபடி பாக்கணும்.

ஏற்கனவே திருப்பி மாட்டி ஓட்டிட்டு இருக்கீங்கன்னா இன்னைக்கே ஒரு நட்டைக் கழட்டி அந்த ஓட்டையைப் பாருங்க, வட்டம் போயிருந்தா அந்த ரிம்மை மறுபடி எந்தப் பக்கமும் மாட்டாதீங்க.