வால்வு ஆம்ப்பில் பயாஸ் சுவிட்ச் போடக் கொடுத்தேன், 18,500 ரூபாய் போச்சு

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 18,500 ரூபாய். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருந்தது இரண்டு 6வி6 வால்வு (சத்தத்தைப் பெருக்குகிற கண்ணாடிக் குழாய்) போட்ட பழைய கிதார் ஆம்ப். பயாஸ் என்றால், வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று வைக்கிற கட்டுப்பாடு. இதில் இருந்தது கேத்தோடு பயாஸ். கேத்தோடுக்கும் (வால்வுக்குள் எலக்ட்ரான் கிளம்புகிற முனை) கிரவுண்டுக்கும் நடுவே 250 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், வால்வு அதை வைத்துத் தன்னைத்தானே கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். தங்கச்சிமடத்தில் கோயிலுக்குள் வாசிக்க அது தேன். ஓங்கி அடித்தால் சத்தம் கொஞ்சம் அமுங்கி, அப்புறம் மெதுவாக மேலே வரும். ஆனால் வெளியே பந்தலில், கடற்காற்றில், அது எடுபடாது. அங்கே ஃபிக்ஸட் பயாஸ் வேண்டும். கிரிடுக்கு (வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்துகிற கம்பிவலை) தனியாக நெகட்டிவ் வோல்டேஜ் கொடுப்பார்கள், சத்தம் இறுக்கமாகவும் கூடுதலாகவும் வரும். (பேர்தான் ஃபிக்ஸட். உள்ளே திருகித் திருகி அட்ஜஸ்ட் செய்வது அதில்தான்.) ஒரே ஆம்ப்பில் இரண்டும், பின்பக்கம் ஒரு சுவிட்ச். அவ்வளவுதான் என் ஆசை.

ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகு போகாவிட்டால் ஐஸுக்கும் வேலை இல்லை, எனக்கும் வாசிப்பு இல்லை. அந்த இரண்டு மாதத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று ஒரு பெருநகரத்தில் ஆம்ப் ரிப்பேர் செய்கிற பட்டறையைப் பிடித்தேன். பேர் சொல்லப் போவதில்லை. ஆன்லைனில் விளம்பரம், பளபளவென்று படங்கள்.

நான் ஏமாந்த இடம் எதுவென்று இப்போது நன்றாகத் தெரிகிறது. போனில் அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, தங்கச்சிமடமா? எங்க அம்மா ஊரு ஏர்வாடிண்ணே." அப்புறம் கடல், கருவாடு, தர்கா சந்தனக்கூடு என்று கால் மணி நேரம் பேச்சு. அந்தக் கால் மணி நேரத்தில் கிரிட் ரெசிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினானா? இல்லை. ஃபிக்ஸட் பயாஸில் 6வி6க்கு கிரிட் ரெசிஸ்டர் 100 கே ஓம்ஸைத் தாண்டக் கூடாது, கேத்தோடு பயாஸில் 500 கே வரை போகலாம். சுவிட்ச் போடுகிறவன் முதலில் யோசிக்க வேண்டியதே அது. நான் கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேண்ணே." அன்று ராத்திரியே முழுப் பணம் அனுப்பினேன். முழுப் பணம், முன்பணம் இல்லை. 18,500.

இரண்டு வாரம் என்றான், இரண்டு மாதம் ஆனது. நடுவில் ஒரு வீடியோ வந்தது. சுவிட்சைத் தட்டினால் சிவப்பு லைட் பச்சையாகிறது. ஜூன் 18ல் பஸ் பார்சலில் ஆம்ப் வந்து சேர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, ஒன்பது நாள் அருமையாக இருந்தது.

ஜூன் 29 பேதுரு, பவுல் திருநாள். 27ஆம் தேதி சாயந்திரம் பந்தலில் பாடகர் குழுவோடு ஒத்திகை. பச்சை லைட்டில், அதாவது ஃபிக்ஸட் பயாஸில் வைத்து மூன்றாவது பாட்டு வாசிக்கும்போது சத்தம் கரகரத்தது. பின்னால் குனிந்து பார்த்தால் இரண்டு வால்வுக்குள்ளும் இருக்கிற உலோகத் தகடு, பிளேட், அடுப்புக்கரி மாதிரி சிவந்து கிடக்கிறது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் வார்னிஷ் கருகுகிற நாற்றம். பவர் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு.

மறுநாள் போன் செய்தேன். "அது உங்க ஊர் உப்புக்காத்து சார்." அண்ணே போய் சார் ஆனது அன்றைக்குத்தான். அடுத்த நாள், "கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் சார்." அதற்கடுத்து, "உள்ளே போட்டோ எடுத்து அனுப்புங்க, பாப்போம்."

சரி என்று ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போனேன். அங்கே வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அடித்தட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். நெகட்டிவ் வோல்டேஜ் லைனில் ஒரு கெப்பாசிட்டர், தலை வீங்கி வெடித்திருந்தது. கால்களில் பழைய ஈயம், ஏதோ பழைய போர்டிலிருந்து பிடுங்கியது. மேலே 35 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, அதற்கு மேல் அது தாங்காது. புது கெப்பாசிட்டர் வைத்து, வெளியிலிருந்து அந்த லைனுக்கு ஏசி கொடுத்து அளந்தார், 44 வோல்ட். கெப்பாசிட்டர் போனதும் நெகட்டிவும் போயிருக்கிறது. கிரிடைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் வால்வு முழுசாகக் கரண்டை இழுத்திருக்கிறது.

அதைக்கூட அசட்டை என்று விட்டிருப்பேன். பெரியவர் ஃபியூஸ் மூடியைத் திருகினார். உள்ளே 1 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் இல்லை. அதே கண்ணாடிக் குழாயின் மேல் செம்புக் கம்பி இழை சுற்றியிருந்தது. "தம்பி, இது அவன் பெஞ்சுலயே ஒரு தடவை போயிருக்கு. கம்பியச் சுத்தி உனக்கு அனுப்பிட்டான்" என்றார். எனக்குக் காது அடைத்துப் போச்சு. தெரிந்தே அனுப்பியிருக்கிறான். அந்த ஃபியூஸ் ஒழுங்காக இருந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மராவது பிழைத்திருக்கும்.

போட்டோவை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில். "நீங்க திறந்துட்டீங்க சார், வாரண்டி கிடையாது." திறக்கச் சொன்னதே அவன்தான்! அப்புறம் நீல டிக் மட்டும். இப்போது அதுவும் இல்லை.

18,500 போச்சு. பார்சல் காசு, வால்வு ஜோடி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தனி.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பாதிப் பணத்தைக் கையில் வையுங்கள். இரண்டு மோடிலும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு வால்வும் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று எழுதி வாங்குங்கள். மோடு மாற்றுவதற்கு முன் ஸ்டாண்ட்பை (வால்வு சூடாகவே இருக்க, பெரிய வோல்டேஜை மட்டும் நிறுத்துகிற சுவிட்ச்) போடுங்கள். வந்ததும் ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. அடித்தட்டை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஊர்ப் பேர் சொல்லி அண்ணே என்று கூப்பிட்டால் போனை வையுங்கள்.