கேஏ வண்டியோடு ஊர் திரும்பினால்: பழைய எண்ணா, டிஎன்னா, பிஎச்சா?

பெங்களூரு வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ திரும்புகிறவர்கள் கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு லாரி பிடிப்பார்கள். காரில் இருக்கும் கேஏ எண்ணை (கர்நாடகப் பதிவெண்ணை) மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார்கள்.

அப்படி விடுவதும் ஒரு வழிதான், ஆனால் கெடு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47-இன்படி, வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். எட்டு, பத்து மாதத்தில் திரும்பிப் போகிறவர் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. வண்டி வந்த தேதியைக் காட்டும் டோல் ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கேயே தங்குவதென்றால் டிஎன் எண்தான் (தமிழ்நாட்டுப் பதிவெண்தான்) முறையான வழி, அலைச்சலும் அதில்தான். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியின் சம்மதம் வேண்டும். பிறகு படிவம் 28-ஐ நிரப்பிப் பழைய ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கும் வேலையும் உண்டு. துரு ஏறிய வண்டியில் நாலு தாள் வீணாகும். இங்கே வந்ததும் படிவம் 27, வண்டி ஆய்வு, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரி. கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இங்கே முழுதாகக் கட்டி, புது ஆர்சி (பதிவுச் சான்று) கைக்கு வந்த பிறகுதான் அங்கே மனு போட முடியும். பலர் அந்தப் பணத்தை மறந்தே போகிறார்கள். மறக்காதீர்கள், சின்னத் தொகை இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஃபாஸ்டாக் கொடுத்த வங்கிக்கும் புது எண்ணைச் சொல்ல வேண்டும். நம்பர் பிளேட்டும் புதிதாக வேண்டும். பழைய உயர் பாதுகாப்புப் பிளேட்டின் ஸ்னாப் லாக் ஸ்க்ரூ டிரைவருக்கு மசியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தெருமுனை ஸ்டிக்கர் கடையில் எழுதி ஒட்டினால் செல்லாது.

பிஎச் (பாரத்) வரிசைப் பதிவெண் 2021 செப்டம்பரில் வந்தது. அரசு ஊழியர், ராணுவத்தினர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் கேட்கலாம். தனியார் ஊழியருக்குப் படிவம் 60-இல் நிறுவனத்தின் சான்று தேவை. மாநிலம் மாறினாலும் எண் மாறாது. வரியை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை கட்டினால் போதும்; 14 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும். தவணை தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறும். தகுதியில்லாதவருக்கு விற்கும்போது மாநில எண்ணுக்கு மாற்றித்தான் கொடுக்க முடியும்.

மூன்று ஆண்டுக்கொரு மாற்றல் வரும் வேலை என்றால் பிஎச்சை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. சொந்த ஊரிலேயே இருந்துவிடப் போகிறவருக்கு டிஎன்தான் சரி. வண்டிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டதா? திரும்பக் கிடைக்கும் வரியும் சொற்பம், அலைச்சல் மட்டும் அதேதான். நானாக இருந்தால் பெங்களூரிலேயே விற்றுவிட்டு ரயிலேறியிருப்பேன்.