ஸ்லோவேனியத்துக்கும் துருக்மேனியத்துக்கும் இடையே: ஒரு மொழிபெயர்ப்புச் செயலியுடன் நீண்ட காலப் பழக்கம்

ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான மூதாட்டி ஸ்லோவேனியத்தில்தான் பேச விரும்புவார். கீழ்த்தளத்தில் தங்கியிருக்கும் துருக்மேனிஸ்தான் மாணவிக்கோ அம்மொழி இன்னும் கைவரவில்லை. இருவருக்கும் நடுவில் கைப்பேசிச் செயலி ஒன்றை நெடுநாளாக இயக்கிவரும் எனக்கு, வாடகை, பேருந்து நேரம், குப்பை எடுக்கும் நாள் போன்றவற்றுக்கு அதைத் தயங்காமல் நம்பலாம் என்றும், அன்றாட மரியாதைச் சொற்களுக்கு அப்படி நம்பக் கூடாது என்றும் தெளிவாகியிருக்கிறது.

கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் துருக்மேனியம் 2020 பிப்ரவரியில்தான் சேர்ந்தது. மெட்டா 2022இல் வெளியிட்ட 200 மொழிகளுக்கான கணினி மொழிபெயர்ப்பு மாதிரியிலும் இவ்விரு மொழிகளும் உள்ளன. ஆனால் இவை இரண்டையும் நேருக்கு நேர் இணைக்கும் நூல்கள் மிக அரிது. அதனால் நான் பயன்படுத்தும் செயலி ஆங்கிலத்தின் வழியாகவே சுற்றிச் செல்கிறது என்பதை அது தரும் விடைகளே காட்டிவிடுகின்றன.

ஸ்லோவேனியத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருமை என்றொரு எண் உண்டு. 'க்யே ஸ்தா பிலா?' என்று மூதாட்டி கேட்டால், 'நீங்கள் இருவரும் எங்கே இருந்தீர்கள்?' என்று பொருள். துருக்மேனியத்தில் வரும் 'சிஸ்' என்ற சொல் பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். ஆகவே கேள்வி தனக்கு மட்டுமானது என்று அந்தப் பெண் எடுத்துக்கொள்வார். எதிர்த்திசையில் சிக்கல் பால் வேறுபாட்டில் வருகிறது. 'கெல்திம்', அதாவது 'வந்தேன்', யார் சொன்னாலும் ஒன்றுதான். ஸ்லோவேனியத்திலோ ஆண் 'பிரிஷெல்' என்றும் பெண் 'பிரிஷ்லா' என்றும் சொல்ல வேண்டும். செயலி பெரும்பாலும் ஆண்பாலையே தருகிறது. மூதாட்டி ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்துகிறார்; அதிலிருந்து மாணவி கற்றது, திரையிலிருந்து கற்றதைவிட அதிகம்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது 'ப்ரோசிம்' என்ற சொல். தயவுசெய்து, பரவாயில்லை, இந்தாருங்கள், என்ன சொன்னீர்கள், தொலைபேசியை எடுத்ததும் சொல்லும் 'சொல்லுங்கள்' ஆகிய அனைத்துக்கும் ஸ்லோவேனியர் அதையே சொல்கின்றனர். தனியாக உள்ளிட்டால் செயலி வேண்டுகோளாக மட்டுமே மாற்றுகிறது. அதைவிட ஆபத்தானது, விடையை மீண்டும் மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் வழக்கம்: அந்தத் துருக்மேனிய விடையைத் திருப்பிப் போட்டால் 'ப்ரோசிம்' என்றே வரும், பிழை கண்ணுக்குத் தெரியாது.

உறவுச் சொற்களில் தமிழருக்குப் பழக்கமான நுட்பம் துருக்மேனியத்திலும் இருக்கிறது. அத்தை 'பிபி', தாயின் சகோதரி 'தாய்சா'. செயலி இரண்டையும் 'தெதா' ஆக்குகிறது. இதில் செயலியைக் குறை சொல்வதற்கில்லை, ஸ்லோவேனியரின் அன்றாடப் பேச்சே அப்படித்தான்.

திரையைப் பார்த்து வாசிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: இரு மொழிகளும் லத்தீன் எழுத்தையே பயன்படுத்தினாலும், அதன் பத்தாவது எழுத்தான 'ஜே' (J) ஸ்லோவேனியத்தில் 'ய' ஒலியையும் துருக்மேனியத்தில் 'ஜ' ஒலியையும் குறிக்கிறது.

இப்போது நாங்கள் முழு வாக்கியமாகவே உள்ளிடுகிறோம். எத்தனை பேர் என்பதையும், பேசுபவர் ஆணா பெண்ணா என்பதையும் வெளிப்படையாக எழுதுகிறோம். துருக்மேனிய விடையில் பால் தெரியாமல் போனாலும், எண் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. 'ப்ரோசிம்' போன்ற குறுஞ்சொற்களை மட்டும் செயலியிடம் விடாமல், எந்தச் சூழலில் எந்தத் துருக்மேனியச் சொல் என்று மாணவி தன் கையால் எழுதிய தாள் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.